குனிஞ்சு காட்டுங்க சிஸ்டர்

என் அத்தையிடம் யாரும் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டிருக்கவே கூடாது. கேட்பவர் எந்தப் பதிலை எதிர்பார்த்துக் கேட்கிறார் என்பதை அவர் முகத்திலேயே படித்துவிட்டு, அதையே எடுத்துக் கொடுத்துவிடுவார். பக்கத்து வீட்டுக்காரம்மா அவசரமாகக் கடைக்குப் போகிற போக்கில் கேட்டால், "நல்லா இருக்கேன்லா." தன் முட்டிவலியைச் சொல்லக் காத்திருக்கும் ஆள் கேட்டால், "எனக்கும் கொஞ்சம் வலிதான், ஒங்களுக்கு எப்படி இருக்கு?" எதிரில் இருப்பவர் முகம் வாடினால் அவருக்குத் தாங்காது. இதைத் தங்கமான குணம் என்று எங்கள் குடும்பமே சொல்லும். நான் அப்படிச் சொல்வதை நிறுத்திவிட்டேன். அந்தக் குணத்தை வைத்துத்தான் நாங்கள் எல்லாருமாகச் சேர்ந்து அவருடைய வலது காலை முடக்கினோம்.

அவர் அப்பாவின் தங்கை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஈப்போ சிலிபினில் எங்கள் வீட்டுப் பின்னறையில் இருந்தார். ஹோட்டல்களின் துணிகளை மொத்தமாகத் துவைத்துக் கொடுக்கும் ஒரு சலவைத் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் வேலை. மெஷினிலிருந்து ஈரப் படுக்கைவிரிப்புகளை இழுத்துத் தள்ளுவண்டியில் போடுவதுதான் அவர் பகுதி. ஈரத்துணி பிணக்கனம் கனக்கும். அந்தக் கனத்தைப் பற்றி அத்தை வீட்டில் பேசி நான் கேட்டதில்லை. "ஏசி இல்லதான், ஆனா தண்ணி குளுகுளுன்னு இருக்கும்லா," என்பார். அந்த வேலை அவருக்குப் பெரிது. அது இருக்கும்வரை எங்கள் வீட்டில் அவர் யார் தயவிலும் இல்லை.

ஒரே வருடத்தில் எங்கள் வீட்டில் இரண்டு முதுகுகள் போயின. முதலில் அப்பாவுடையது. அவர் லாரியில் ஐஸ்பெட்டி, சோபா ஏற்றி இறக்குகிறவர். ஒருநாள் மாடிப்படியில் ஐஸ்பெட்டியோடு திரும்பும்போது முதுகெலும்புக்கு நடுவிலிருக்கும் தட்டு பிதுங்கி நரம்பை அழுத்திவிட்டது. ஊரில் ஸ்லிப் டிஸ்க் என்பார்கள். இரண்டு மாதம் எம்சி என்கிற மருத்துவ விடுப்பில் படுத்திருந்தார், எழுந்தார், மறுபடியும் லாரி ஏறினார். நாலு மாதம் கழித்து அத்தைக்கு. அதே தட்டு, அதே இடம். அத்தை மட்டும் எழவில்லை.

எழவில்லை என்றால் படுத்துக் கிடந்தார் என்று நினைக்க வேண்டாம். படுத்திருந்தாலாவது நாலு பேர் நம்பியிருப்பார்கள். அவரால் உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் இடுப்பிலிருந்து பாதம் வரை நெருப்புக் கம்பியை இழுத்ததுபோல இருக்குமாம். அதனால் நின்றுகொண்டே இருந்தார். ஐஸ்பெட்டி மேல் தட்டை வைத்து நின்றுகொண்டே சாப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஜெபசபையில் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றார். ஏன் நிற்கிறார் என்று யாரும் கேட்டுச் சங்கடப்படக் கூடாதே என்று, வருகிறவர்களுக்குப் பாட்டுப் புத்தகம் எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தார். புதிதாக வந்தவர்கள் அவரைச் சபை ஊழியர் என்றே நினைத்தார்கள்.

அப்பா செய்த காரியத்தை இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தன்னுடைய ஸ்கேன் படத்தையும் அத்தையுடையதையும் உறையிலிருந்து எடுத்து, வாசல் கண்ணாடிக் கதவில் டேப் போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினார். வெளி வெளிச்சத்தில் இரண்டு முதுகெலும்புகளும் பளிச்சென்று தெரிந்தன. வருகிறவர் போகிறவர் எல்லாம் செருப்பைக் கழற்றும்போதே தீர்ப்பு சொல்லத் தொடங்கினார்கள். ஆளாளுக்கு டாக்டர்.

"இதுல எது அண்ணனோடது?"

"இந்தப் பக்கம்."

"அப்ப அவருக்குத்தானே பெருசா பிதுங்கியிருக்கு! அவரே எந்திரிச்சி லோரி வேலைக்குப் போயிட்டாரு."

இதைச் சொன்னவர் அத்தை போட்டுக் கொடுத்த கோப்பியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார். அத்தை நின்றுகொண்டு சிரித்தார். "ஆமாக்கா, அண்ணன் ஒடம்பு இரும்புக்கா," என்றார். அத்தையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது எனக்கு. உனக்கு வலிக்கிறது என்று ஒரே ஒரு தடவை வாயைத் திறந்து சொல்லித் தொலையேன்!

டாக்டரிடமும் அதே கதைதான். அரசாங்க ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூடப் போவேன். காலேஜ் படித்துக்கொண்டிருந்த காலம். வலி பூஜ்ஜியத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று டாக்டர் கேட்டார். அத்தை அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மூணு," என்றார். நடைபாதைக்கு வந்ததும் நான் கத்தினேன்.

"மூணா? காலையில கக்கூஸ்ல ஒக்கார முடியாம அழுதீங்களே, அது மூணா?"

"பாப்பா, அந்த டாக்டர் பையன பாத்தியா? கண்ணெல்லாம் செவந்து போய் கெடக்கு. காலையிலேருந்து சாப்புடல போல. அவருகிட்ட போயி பத்துன்னா பாவம்லா."

நல்லவேளை, அந்த டாக்டர் காலைத் தூக்கிப் பார்த்து, குதிகாலில் நடக்கச் சொல்லிப் பார்த்து, மூன்றை நம்பவில்லை. பாரம் தூக்கக் கூடாது, குனிந்து வேலை செய்யக் கூடாது என்று தொழிற்சாலைக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். அந்தக் கடிதத்தால் அத்தைக்கு லைட் டியூட்டி கிடைத்தது. மேசை முன்னால் நின்று காய்ந்த துண்டுகளை மடித்து அடுக்குவது. நின்றுகொண்டே செய்கிற வேலை. அவருக்காகவே யாரோ கண்டுபிடித்த வேலை மாதிரி இருந்தது. வலி குறையவில்லை, ஆனால் அத்தை வேலைக்குப் போய் வந்தார். அவருக்கும் முடக்கத்துக்கும் நடுவில் அந்த ஒரு கடிதம்தான் நின்றது. இது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

அப்பாவுக்கு மட்டும் அந்த லைட் டியூட்டி மானப்பிரச்சினை. அதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. தாத்தா ஆயர் தாவார் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். நாற்பது வயதுக்குள் அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. பால் வாளியைத் தூக்க முடியவில்லை. விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், அத்தனை தொழிலாளர்களும் வரிசையில் நிற்க, தோட்டக் கணக்கரான கிராணி அவரைப் பார்த்து "சோம்பேறி" என்று பெயர் வாசித்தாராம். அந்தப் பெயர் வீட்டுக்கும் ஒட்டிக்கொண்டது. அப்பா பள்ளிக்கூடத்தில் "சோம்பேறி மவன்". அதைக் கழுவத்தான் அவர் வாழ்நாள் முழுக்கச் சோபா தூக்கினார். தங்கை துண்டு மடிப்பதைப் பார்த்ததும் கிராணியின் குரல் அவருக்குக் காதில் விழுந்திருக்க வேண்டும். அப்பாவின் நியாயம் எனக்குப் புரிகிறது. புரிந்தால் மன்னிக்க வேண்டும் என்று சட்டமா என்ன?

எங்கள் சபையில் மாதக் கடைசி ஞாயிறு சாட்சி ஞாயிறு. ஜெபத்தில் நன்மை பெற்றவர்கள் மேடையேறி மைக் பிடித்துச் சொல்வார்கள். வேலை கிடைத்தது, விசா வந்தது, மகன் குடியை விட்டான். அப்பா ஏற்கெனவே தன் முதுகுக்குச் சாட்சி சொன்னபோது சபையே எழுந்து நின்று கைதட்டியது. அதற்குப் பிறகு எல்லார் பார்வையும் அத்தை மேல் திரும்பியது. அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே நோய், ஒரே பாஸ்டர், ஒரே ஜெபம். ஒருவருக்குச் சுகம், ஒருவருக்கு இல்லை. அப்படியென்றால் குறை எங்கே? சபை மூப்பரின் மனைவி அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, தேன் ஒழுகக் கேட்டார்: "சிஸ்டர், மனசுல எதாச்சும் மறைச்சி வச்சிருக்கீங்களா? விசுவாசத்துல எங்கயாச்சும் ஓட்ட இருக்கா?" அத்தை அன்று இரண்டு வேளை சாப்பிடவில்லை. தட்டு ஐஸ்பெட்டி மேலேயே காய்ந்தது.

பிறகு பாஸ்டர் அத்தைக்காக மூன்று நாள் உபவாசம் இருக்கப்போவதாக அறிவித்தார். பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு ஒருவர் முகம் வாடி நின்றால் அத்தை என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும்.

சபையின் நேரலை வீடியோ பொறுப்பு என்னுடையது. அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்டாண்டில் போனை மாட்டி நடுப்பாதையில் நின்றிருந்தேன். காலையில் அத்தை வலிமாத்திரை இரண்டை ஒன்றாக விழுங்கியதைப் பார்த்திருந்தேன். பாஸ்டர் அவரை மேடைக்கு அழைத்தார். மூன்று நாள் பட்டினியில் பாஸ்டருக்குக் கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"சிஸ்டர், இப்ப எப்படி இருக்கு? சபைக்குச் சொல்லுங்க."

அத்தை பாஸ்டரைப் பார்த்தார். முன்வரிசையில் அப்பாவைப் பார்த்தார். "நல்லா இருக்கு பாஸ்டர்."

"வலி?"

"இல்ல பாஸ்டர்."

சபை ஆர்ப்பரித்தது. கீபோர்டு பையன் தானாக வாசிக்க ஆரம்பித்துவிட்டான். அதோடு விட்டிருந்தால்கூடப் போதும். பாஸ்டர் கையை உயர்த்தி எல்லாரையும் அமைதியாக்கினார்.

"குனிஞ்சு காட்டுங்க சிஸ்டர். கர்த்தர் செஞ்சத ஜனங்க பாக்கட்டும்."

நான் திரையில் இரண்டு விரலை விரித்து அத்தையின் முகத்தைப் பெரிதாக்கினேன். நேரலையில் அப்படித்தான் செய்ய வேண்டும், முக்கியமான நேரத்தில் முகம். அத்தை குனிந்தார். முழங்காலைத் தாண்டி, கணுக்காலைத் தாண்டி, இரண்டு கையாலும் கால்விரலைத் தொட்டார். நிமிரும்போது மேல்உதட்டில் வேர்வை முத்து முத்தாக நின்றது. தாடை இறுகியிருந்தது. ஒரு கை மைக் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. "ஆமென்," என்று சிரித்தார். சபை முழுக்க ஆமென் சொன்னது. நானும் சொன்னேன்.

வீடியோ அன்று மாலையே ஊர் சுற்றியது. சபைக்கு வரும் ஒரு பெண் அதே சலவைத் தொழிற்சாலையில் வேலை செய்தாள். நல்ல செய்தி என்று நினைத்துத் தொழிலாளர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள். அவளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? நான் ஏற்றினேன், அவள் பகிர்ந்தாள். திங்கட்கிழமை காலை சூப்பர்வைசர் அத்தையைக் கூப்பிட்டு, போனை நீட்டியிருக்கிறார். அவரும் தமிழர்தான், ஆனால் மாரியம்மன் கோவிலுக்குப் போகிறவர்.

"அக்கா, கால் வெரல தொடுறீங்க! ஒங்க சாமி கொணமாக்கிட்டாருன்னு ஒங்க வாயாலயே சொல்றீங்க. அப்புறம் எனக்கு எதுக்கு இந்த லெட்டரு? ஈரத்துணி லைன்ல ஆள் பத்தல."

இல்லை, அது பொய் என்று சொல்லலாம். சொன்னால் பாஸ்டர் பொய்யர், அண்ணன் வீட்டுக்கு அவமானம், சபைக்குத் தலைகுனிவு. நடந்ததை அத்தை அன்றிரவு என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "அவங்க கேட்டதுல நியாயம் இருக்குலா பாப்பா. வீடியோவ பாத்தா யாரா இருந்தாலும் அப்படித்தான் கேப்பாங்க."

"நான் வந்து பேசட்டுமா?"

"வேணாம். பாஸ்டர் மூணு நாளு பட்டினி கெடந்தாரு."

மறுபடி மெஷின் பக்கம் போன மூன்றாவது வாரம், ஈரத்துணியை இழுத்தபடியே அத்தை தரையில் சரிந்தார். ஆஸ்பத்திரியில் அன்றைக்கே முதுகைக் கீறினார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் வலது பாதம் தொங்கிப்போய்விட்டது. தூக்கு என்று மூளை சொன்னால் பாதம் கேட்கவில்லை. எத்தனையோ மாதம் பயிற்சி கொடுத்துப் பார்த்தும் திரும்பவில்லை. வேலை போனது. நடக்கும்போது கால்விரல் தரையைத் தேய்க்கும், செருப்பு கழன்று பின்னால் கிடக்கும், அவருக்கு அது தெரியாது.

அறுவைக்கு மறுநாள் ஒரு தமிழ் டாக்டர், சின்ன வயதுப் பெண், எங்களிடம் வந்து பேசினார். அப்பாவுக்கு இன்னும் அந்தக் கண்ணாடிக் கதவுதான் மனதில்.

"டாக்டர், எனக்கும் அதே எடம். எனக்குத்தான் பெருசு. ஒரே தாய் தகப்பன். எனக்குச் சரியாயிடுச்சி, இவளுக்கு மட்டும் ஏன்?"

"அங்கிள், படத்துல எவ்ளோ பிதுங்கியிருக்குன்னு பாத்து வலிய அளக்க முடியாது. டிஸ்க் ஒண்ணு போல போயிருக்கும், ஒருத்தருக்கு ரெண்டு மாசத்துல அடங்கிடும், இன்னொருத்தர வருஷக்கணக்கா முடக்கிப் போட்டுடும். அந்த வித்தியாசத்துல கொஞ்சம் பொறப்புலயே வருது. தாய் தகப்பன் ஒண்ணா இருந்தாலும் பிள்ளைங்களுக்குப் போற பங்கு ஒண்ணு இல்ல. ஒங்களுக்கு வந்தது வேற, அவங்களுக்கு வந்தது வேற. அவங்க மனசுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. மிச்சம் அவங்க செய்யிற வேல." அவர் கோப்பைப் புரட்டினார். "பாரம் தூக்கக் கூடாதுன்னு லெட்டர் குடுத்திருக்கோமே. யாரு தூக்க விட்டது?"

வெளியே கார் நிறுத்துமிடத்தில் அப்பா சாவியைக் கதவில் செருகத் தெரியாமல் நின்றார்.

"எங்கப்பா சோம்பேறி இல்லலா," என்றார். "அவருக்கும் இதே பங்குதான் போல."

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. தாத்தாவுக்கு மன்னிப்பு கிடைத்துவிட்டது, இறந்து முப்பது வருடம் கழித்து. அத்தைக்கு? வீட்டுக்குப் போனதும் கதவிலிருந்த இரண்டு படத்தையும் நானே கிழித்தேன். டேப் தடம் கண்ணாடியில் அப்படியே இருந்தது, சுரண்டிச் சுரண்டி எடுத்தேன். வீடியோவை அழித்தேன். அடுத்த வாரம் சபையில் வேறு யாரோ மறுபடியும் ஏற்றினார்கள். பாஸ்டரிடம் போய்ச் சண்டை போட்டேன். "அத பாத்து எத்தன பேரு ஆறுதல் அடையிறாங்க தெரியுமா, மகளே? இப்ப வந்திருக்கறது வேற ஒரு சோதன," என்றார். முகத்தில் கள்ளம் இல்லை. அவர் உண்மையாகவே நம்பினார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கள்ளன் என்றால் திட்டிவிட்டாவது வந்திருப்பேன். அத்தோடு அந்தச் சபைக்கு முழுக்குப் போட்டேன். போகிற இடமெல்லாம் அத்தைக்காகச் சண்டை போட்டேன். சூப்பர்வைசரை வாசலில் மறித்துக் கேட்டேன். மூப்பர் மனைவியைச் சந்தையில் வைத்து நாலு வார்த்தை கேட்டேன். அப்பாவிடம் ஒரு வருடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அத்தை எங்கள் வீட்டில் இருக்கவில்லை. நடக்க முடிந்ததும், கூட வேலை பார்த்த ஒரு தோழியின் வீட்டுக்கு, ஆயர் தாவாருக்குப் போய்விட்டார். ஒருநாள் தேடிக்கொண்டு போனேன். டவுனைத் தாண்டி, செம்பனை மரங்கள் முடிகிற இடத்தில் வீடு. அத்தை சமையலறை மேசையருகே நின்று, கணுக்காலில் பிளாஸ்டிக் பட்டை கட்டிய காலை நீட்டியபடி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். நான் பேசிக்கொண்டே போனேன். பாஸ்டரைக் கேட்டேன் அத்தை, அப்பாவைக் கேட்டேன், அந்த சூப்பர்வைசரைச் சும்மா விடவில்லை. பட்டியல் முடிந்ததும், சும்மா கேட்பதுபோல் கேட்டேன்.

"என் மேல கோபமா அத்தை?"

கேட்கும்போதே பதில் எனக்குத் தெரியும். சேச்சே, ஒன் மேல என்னா கோபம் பாப்பா, என்பார். அதைக் கேட்டு அழுதுவிட்டுத் திரும்பலாம் என்றுதான் ஈப்போவிலிருந்து அத்தனை தூரம் வந்திருந்தேன்.

அத்தை கத்தியைக் கீழே வைத்தார்.

"ஆமா," என்றார். "மத்தவங்கெல்லாம் தூரத்துல இருந்தாங்க. பாஸ்டருகூட கண்ண மூடித்தான் ஜெபிச்சாரு. நீதான் என் மொகத்த பெருசா ஆக்கிப் பாத்த. ஒனக்குத் தெரியும் பாப்பா."

என் முகம் எப்படிச் செத்துப்போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். அத்தை அதைப் பார்த்தார். ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் கத்தியை எடுத்து மிச்ச வெங்காயத்தை நறுக்க ஆரம்பித்தார்.